முப்பத்தாறாம் நம்பர் பல்!

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் சென்னைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். தென்காசிக்காரர்களான எங்களுக்கோ அது வீடு நிறைய விருந்தாளி வரும் மாதம். 'பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறியாச்சு' என்று ராத்திரி ஒரு போன் வரும். காலையில் இட்லிக் கொப்பரையில் இரண்டு ஈடு கூடுதலாக ஏற்ற வேண்டியதுதான்.

போன ஜூலையில் அப்படி வந்த சித்தப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனேன். நல்ல சாரல். தலையில் எண்ணெய் வழிய, கூட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து, ஒருவழியாக அருவிக்கடியில் தலையைக் கொடுத்தேன். அந்தச் சுகத்தில் 'ஆஹா!' என்று வாயைத் திறந்தேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். யாரோ ஊசியை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி அடித்தது போல 'விண்'ணென்று ஒரு வலி. காது வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பத்து எண்ணுவதற்குள் போயும் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன். ஈரத் துண்டோடு நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டபோது பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்?

அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தில் என் பல் என்னிடம் ஒரு மனுப் போட்டிருக்கிறது. நானும் நம் ஆபீஸ் வழக்கப்படி அதை வாங்கிக் கட்டில் போட்டுவிட்டேன்!

கோபுர வாசல் காற்று

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியே இலை அசையாது. வாசலுக்குள் நுழைந்தால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வாசலில் எதிரே வந்த எங்கள் கேஷியர் அண்ணாச்சிக்கு 'வணக்கம்' சொல்ல வாயைத் திறந்தேன். 'வ' மட்டும்தான் வந்தது. மீதி எழுத்துகளைக் காற்று பல்லுக்குள் தள்ளிவிட்டது.

"என்னய்யா, சாமியைப் பாக்குமுன்னாலேயே கண்ணுல தண்ணி?" என்றார் அண்ணாச்சி.

"பல்லு அண்ணாச்சி."

"சொத்தையா? ஒரு கிராம்பை வச்சுக் கடியும். எங்க ஐயா தொண்ணூறு வயசு வரைக்கும் கிராம்பை வச்சே ஓட்டினாரு."

அவருடைய ஐயாவுக்குத் தொண்ணூறு வயதில் எத்தனை பல் இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கிராம்பைக் குறை சொல்ல மாட்டேன். குற்றாலம் மலையில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே கிராம்பும் ஜாதிக்காயும் பயிர் செய்து பார்த்திருக்கிறார்கள். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் நிஜமாகவே கொஞ்சம் மரத்துப்போக வைக்கும். பல் டாக்டர்களே அதைத் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைப்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கிராம்பு வலியைத்தான் அடக்கும். ஓட்டையை அடைக்காது. வாட்ச்மேனைத் தூங்க வைத்துவிட்டால் திருடன் வரமாட்டான் என்று அர்த்தமா?

அதற்கப்புறம் மருந்துக்கடை. 'பல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க' என்றால் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். முழுங்கினேன். சரியாயிற்று. மறுபடி வந்தது. மறுபடி முழுங்கினேன். இப்படியே ஆகஸ்ட் ஓடியது. இடது பக்கம் என்று எனக்கு ஒரு வாய் இருப்பதையே மறந்து, பிரானூர் பார்டர் புரோட்டாவைக்கூட வலது பக்கமாகவே மெல்லப் பழகிக்கொண்டேன்.

நடுராத்திரி அருவி

செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி. படுத்ததும் ஆரம்பித்தது. இந்தத் தடவை 'விண்' இல்லை. நாடி துடிக்கிற மாதிரி 'டொக்... டொக்...' என்று. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. படுத்தால் கன்னத்துக்குள் செண்டை மேளம். அம்மா சுடச்சுடப் பால் கொண்டு வந்தாள். ஒரு வாய்தான் குடித்தேன். கட்டிலை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

சூடு பட்டால் உயிர் போகிறது. பச்சைத் தண்ணீரை வாயில் வைத்தால் அரை நிமிடம் அடங்குகிறது. தண்ணீர் வாயில் சூடானதும் மறுபடி மேளம். செம்பும் கையுமாக நடுக்கூடத்தில் உலாத்தினேன்.

அப்பா எழுந்து வந்தார். "பிடுங்கிப் போட்டுட்டு வாலே. நான் எத்தனை பிடுங்கியிருக்கேன்! ஒரு பல்லுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?"

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஒன்று பிடுங்கினார். அது போன இடத்துக்குப் பக்கத்துப் பல் சாய்ந்தது. மேல் பல் இறங்கியது. அதுவும் ஆடியது. பிடுங்கினார். இப்போது அறுபத்தேழு. மேல் வரிசை முழுக்க ராத்திரியில் டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. தீபாவளி முறுக்கைக் காபியில் ஊற வைத்துச் சாப்பிடுகிற மனிதர் அவர்.

என் சிநேகிதன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். "ஏ மாப்ளே, ஏறு. தண்ணிதானே வேணும்? ஊருக்கே தண்ணி இருக்கு" என்றான். அஞ்சு கிலோமீட்டர். நடுராத்திரியிலும் பேரருவியில் கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, அருவித் தண்ணீரை வாய் நிறையப் பிடித்து வைத்துக்கொண்டேன். அப்பாடா! ஜூலையில் என்னைக் கொன்ற அதே தண்ணீர் இப்போது காப்பாற்றியது. பல் குணமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வலி சுத்தமாக நின்றுவிட்டது. சூடு, குளிர், காற்று எதற்கும் பல் அசைந்து கொடுக்கவில்லை. கேஷியர் அண்ணாச்சிக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். "பாத்தீரா, கிராம்பு!" என்றார்.

பன்னிரண்டாம் நாள் ஆபீஸில் ஆடிட். காலையில் கண்ணாடியில் பார்த்தால் இடது கன்னம் கொழுக்கட்டை. லேசாகக் காய்ச்சல். மேல் பல் பட்டாலே சுளீரென்கிறது. ஆடிட்டர் என்னைப் பார்த்துவிட்டு, "வாயில இருக்கிறதைத் துப்பிட்டு வந்து பேசுங்க சார்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பல் டாக்டரிடம் போனேன்.

மூன்றாம் வீதி, ஆறாம் வீடு

ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, உதவியாளரிடம், "முப்பத்தாறு. எக்ஸ்ரே எடும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், மொத்தமே முப்பத்திரண்டு பல்தானே? முப்பத்தாறாவது பல் எனக்கு எங்கேயிருந்து வந்துது?"

சிரித்துவிட்டார். உலகில் பல நாடுகளில் டாக்டர்கள் வாயை நாலு வீதியாகப் பிரித்துக்கொள்கிறார்களாம். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. ஒவ்வொரு வீதியிலும் முன்னாலிருந்து பின்னால் எட்டு வீடு. 36 என்றால் மூன்றாம் வீதி, ஆறாவது வீடு. நம் மாட வீதிக் கதவிலக்கம் மாதிரிதான்.

இந்த ஆறாவது வீட்டுக்காரர் பரிதாபமான ஆள். ஆறு வயதிலேயே பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடுவார். 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அவர் விழுந்தால் அவ்வளவுதான், மறுபடி முளைக்க மாட்டார். மென்று அரைக்கிற வேலையில் பெரும்பங்கு அவருக்கு. சொத்தையும் முதலில் அவருக்கே!

எக்ஸ்ரே வந்தது. பல்லின் நடுவே கறுப்பாக ஒரு பள்ளம். வேர் நுனியில் எலும்புக்குள் கறுப்பாக ஒரு வட்டம்.

"ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன் தம்பி" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியில் ஒரு பதினைந்து ரூபாய்க் கிராம்பும் ஒரு டஜன் மாத்திரையும் என்னைப் பார்த்துச் சிரித்தன.

பொங்குமாகடல் இல்லாத பல்

"பல்லுன்னா கல்லு மாதிரி ஒரு துண்டுன்னு நினைச்சீங்களா?" என்று ஆரம்பித்தார். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்களும் நினைத்திருந்தால், சேர்ந்தே திருந்துவோம்.

வெளியே தெரிகிற வெள்ளை, எனாமல். மனித உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், எலும்பைவிட. அதற்குள் டென்டின். எனாமலைவிடக் கொஞ்சம் மிருது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதில் நிறைய. அதற்கும் உள்ளே, நட்டநடுவில், உயிருள்ள ஒரு சிறு அறை. ரத்தக் குழாய், நரம்பு, டென்டினைக் கட்டுகிற செல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இதைத்தான் பல்ப் என்கிறார்கள். தமிழில் பற்கூழ். இந்தக் கூழ் வேர்களுக்குள் மெல்லிய கால்வாயாக இறங்கி, வேர் நுனியில் உள்ள ஊசித் துளை வழியாகத் தாடை எலும்போடு சேர்கிறது. கரண்டும் தண்ணீரும் உள்ளே வருவது அந்த ஒரே வாசல் வழியாகத்தான்.

உடம்பில் வேறு எங்கே அடிபட்டாலும் வீங்கலாம். வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பல்லுக்குள் நாலு பக்கமும் காங்கிரீட் சுவர். ரத்தம் அதிகமாக வந்தால் எங்கே போகும்?

டாக்டர் குற்றாலத்தையே உதாரணமாகச் சொன்னார். பேரருவித் தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து நேராக நம் தலையில் விழுந்தால் யார் நிற்க முடியும்? நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து வழிகிறது. அதனால்தான் குளிக்கிறோம். "பல்லுக்குள்ள பொங்குமாகடல் கிடையாது தம்பி. வந்த வேகம் அத்தனையும் நரம்பு மேலதான்!"

படுத்தால் ஏன் வலி கூடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. படுக்கும்போது தலைக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. உட்கார்ந்தால் குறைகிறது. என் பல் பொய் சொல்லவில்லை. நான்தான் பாஷை தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அந்தப் பாஷைக்கு டாக்டர் சொன்ன அகராதி இது:

குளிர்ச்சி பட்டதும் சுருக்கென்று வலித்து, சில விநாடியில் போய்விட்டால், கூழ் எரிச்சலில் இருக்கிறது, ஆனால் பிழைக்கும். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் போதும். (என் ஜூலை மாதம்.)

வலி வந்தால் நிமிடக்கணக்கில் நின்று பேசுகிறது, சூட்டுக்கு அலறுகிறது, ராத்திரி எழுப்புகிறது, பச்சைத் தண்ணீரில் அடங்குகிறது என்றால், கூழ் சாகப் போகிறது. (என் நடுராத்திரி அருவி.)

வலி திடீரென்று நின்றுவிட்டால், கூழ் செத்துவிட்டது. அது குணம் இல்லை, மௌனம். இனி உள்ளே கிருமிகள் குடித்தனம் நடத்தி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். (கேஷியர் அண்ணாச்சிக்கு நான் டீ வாங்கிக் கொடுத்த நாள்!)

மாத்திரை ஏன் கேட்கவில்லை? கிருமியைக் கொல்லும் மாத்திரை ரத்தத்தில்தான் பயணம் செய்யும். செத்துப்போன கூழுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. ரோடே இல்லாத ஊருக்குப் பஸ் விட்ட கதை.

பூச்சியும் புகையும்

சின்ன வயதில் எங்கள் ஆச்சி சொல்வாள், "பல்லுல பூச்சி இருக்குலே. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிச்சா விழுந்துரும்" என்று. ஆச்சியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பல்லைப் புழு தின்கிறது என்று பாபிலோனியர் காலத்திலிருந்து உலகமே நம்பியிருக்கிறது. ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் விதையைச் சுட்டுப் புகை பிடிப்பார்கள். சூட்டில் விதை வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை முளை வெளியே வரும். 'பார்த்தாயா, புழு!' என்று காட்டிக் காசு வாங்கிவிடுவார்கள்.

1728-ல் பிரான்ஸில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் எழுதிய பெரிய புத்தகம் வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் புழு எதுவும் தெரியவில்லை என்று சொன்னவர் அவர். அப்புறம் நிஜக் குற்றவாளியைப் பிடிக்க இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1965-ல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகியது. கிருமி இல்லாத எலிகளுக்கோ, சாப்பாடு உள்ளே புகுந்தும்கூடக் கூழ் தானாகவே மேலே ஒரு பாலம் கட்டி ஆறிவிட்டது!

ஆக, கூழ் கோழை இல்லை. கிருமியை விலக்கிவிட்டால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அதனால்தான் இப்போதெல்லாம் கூழ் முழுக்கச் சாகாமல் இருந்தால், 1990-களில் வந்த எம்.டி.ஏ. என்ற சிமெண்ட் போன்ற மருந்தை மேலே வைத்து மூடி, கூழையே பிழைக்க வைக்கப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் முடியாது. சீக்கிரம் போகிறவர்களுக்கு முடியும். நான் சீக்கிரம் போகவில்லை.

பிடுங்கவா, வைக்கவா?

"பிடுங்கிடலாம் டாக்டர். அப்பா சொன்னார்" என்றேன். நிஜக் காரணம் பயம். ரூட் கெனால் என்ற பேரைக் கேட்டாலே ஏதோ ஜே.சி.பி. வந்து நிற்கிற மாதிரி ஒரு எண்ணம்.

"பிடுங்கறது பத்து நிமிஷ வேலை. காசும் கம்மி. ஆனா அந்த இடத்துல வேற பல் வைக்கணும்னா அதுக்கு ஆகுற செலவு ஜாஸ்தி. வைக்காம விட்டா உங்க அப்பா கதைதான். உங்க வேர் நல்லா இருக்கு. முடிவு உங்களுது."

டம்ளர் தண்ணீரும் காபியில் ஊறும் முறுக்கும் கண் முன்னால் வந்து நின்றன. "வைக்கலாம் டாக்டர்."

முதலில் ஊசி. லிக்னோகெய்ன். 1943-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்தது. ஊசி எறும்புக் கடி மாதிரி இருந்தது. ஐந்து நிமிடத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன. பிறகு வாய்க்குள் ஒரு ரப்பர் துணியை விரித்து, அந்த ஒரு பல் மட்டும் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும்படி மாட்டினார். எச்சில் உள்ளே போகாது. மருந்தோ ஊசியோ தொண்டைக்குப் போகாது.

பல்லின் தலையில் துளை போட்டதும் கெட்ட வாடை ஒன்று வந்தது. அழுத்தம் இறங்கியது. கன்னத்தில் மூன்று நாளாக ஏறி உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனது மாதிரி இருந்தது.

"கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டு வேர், பொதுவா மூணு கால்வாய். சிலருக்கு நாலு" என்றபடி, தலைமுடி மாதிரி ஒரு ஊசியை எடுத்தார். இதற்கு ஃபைல் என்று பெயர். (நம் ஆபீஸ் ஃபைல் இல்லை. இது நகரும்!) பதினைந்தாம் நம்பர் ஃபைல் என்றால் நுனி 0.15 மில்லிமீட்டர். அதற்கும் சின்னதாகப் பத்து, எட்டு, ஆறு என்று உண்டு. 1838-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேனார்ட் என்ற பல் டாக்டர் கடிகார ஸ்பிரிங்கைத் தேய்த்து இந்த மாதிரி ஊசியை முதலில் செய்தாராம். அதே மேனார்ட் துப்பாக்கிக்கும் ஒரு புது ஏற்பாடு கண்டுபிடித்தவர். நல்லவேளை, அது எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு கால்வாயில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் ஃபைல் இறங்கியதும் சுருக்கென்றது. நாற்காலியில் ஒரு அடி எழும்பினேன்.

"பரவாயில்லையே! ரெண்டு அருவி வத்திப் போச்சு. இதுல இன்னும் தண்ணி விழுது" என்று சொல்லி, அதற்குத் தனியாக இன்னொரு சொட்டு மருந்து போட்டார். அப்புறம் வலி இல்லை. முழு வேலையிலும் எனக்கு வலித்தது அந்த ஒரு விநாடிதான். செப்டம்பர் ராத்திரியோடு ஒப்பிட்டால் அது வலியே இல்லை.

கால்வாய்களைத் தேய்த்துத் தேய்த்து சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவினார். வீட்டில் பிளீச்சிங் திரவத்தில் இருக்கிற அதே சரக்குதான். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் காயங்களைக் கழுவியதும் இதைத்தான், தண்ணீர் கலந்து. உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வாரம் வாங்க" என்றார்.

வெளியே வந்து டீ குடித்தேன். மரத்த உதட்டு வழியாகப் பாதி டீ சட்டைக்குப் போயிற்று. டீக்கடைக்காரர், "ராத்திரி என்ன சார், ஜாஸ்தியா?" என்றார்.

இலுப்பைக்குச் சொந்தக்காரன்

அடுத்த வாரம் வீக்கம் வடிந்திருந்தது. சுத்தமான கால்வாய்களுக்குள் ரோஸ் நிறத்தில் மெல்லிய குச்சிகளைப் பசையோடு சொருகி அடைத்தார். அதற்குப் பெயர் கட்டாபெர்ச்சா. மலேயா காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். நம் இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் அந்த மரத்துக்குச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள், ஒரே குடும்பம். அந்த நாளில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, கம்பிக்கு மேலே தண்ணீர் புகாமல் பூசியது இந்தப் பாலைத்தான். 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட கம்பிக்கும் இதே. கடல் தண்ணீரையே தடுத்தவன் என் எச்சிலைத் தடுக்க மாட்டானா?

இரண்டு வாரம் கழித்துக் கேப் போட்டார்கள். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். வலி போனதும் கேப் போட வருவதில்லை. சொத்தைக்கும் துளைக்கும் பாதிப் பல் போயிருக்கும். மெல்கிற கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் ஒரு நாள் பொரிகடலையில் இரண்டாகப் பிளக்கும். அத்தனை காசும் தண்டம்.

வாட்ஸப்பில் 'ரூட் கெனால் செய்தால் கேன்சர் வரும்' என்று ஒரு செய்தி சுற்றுகிறதே? நூறு வருஷத்துக்கு முன்னால் பல்லில் இருக்கும் கிருமிதான் எல்லா வியாதிக்கும் காரணம் என்று ஒரு கொள்கை இருந்தது. அதை நம்பி நல்ல பல்லையெல்லாம் பிடுங்கித் தள்ளினார்கள். வியாதி போகவில்லை, பல்தான் போயிற்று. கொள்கையும் பிற்பாடு போய்விட்டது. அதையே தூசி தட்டி 2018-ல் 'ரூட் காஸ்' என்று ஒரு டாக்குமெண்டரி வந்தது. பல் மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. வாட்ஸப் மாமாக்கள்தான் இன்னும் எடுக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் ஒரு அபூர்வத் தொற்றால் இறந்துபோனார்கள். அது 2023-ல் தெரியவந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசு சுகாதாரத் துறையினரும் துப்பறிந்து, 2025-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? ஒரு சலைன் பாட்டில். சுத்தப்படுத்தாத கருவியால் அதைத் திறந்து, பஞ்சால் அடைத்து வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பல் டாக்டரிடமே போகாமல் இருந்துவிடாதீர்கள். போய், கேளுங்கள். "டாக்டர், கருவியெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணினதா?" ஆட்டோகிளேவ் என்பது நம் பிரஷர் குக்கரின் அண்ணன். 121 டிகிரி நீராவியில் கிருமியை அவிக்கும். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரிக்காத கவரை நம் முன்னாலேயே பிரித்துக் காட்டுவார். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கடியில் இறங்கினால், கழுத்தும் நாக்கின் அடியும் வீங்கி மூச்சையே அடைக்கும். 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வைத்திருக்கிறார். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, விழுங்கவும் மூச்சு விடவும் கஷ்டமானாலோ, காலை வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் இரண்டு மடங்கு ஜாக்கிரதை.

காசு இல்லையென்றால்? அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் 1953-லிருந்து ஒன்று. புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று வந்திருக்கிறது. நேரம் ஆகும், வரிசை இருக்கும். மருந்துக்கடை வரிசையில் இரண்டு மாதம் நின்றதற்கு இது தேவலை.

அப்பாவின் முறுக்கு

தீபாவளிக்கு அம்மா முறுக்குச் சுட்டாள். நான் இடது பக்கமாக வைத்து 'நறுக்'கென்று கடித்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு முதல் முறுக்கு. அப்பா காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையாலே?"

"இல்லப்பா."

"பிடுங்காமலேவா?"

"பிடுங்காமலே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. முறுக்கைக் காபியில் முக்கினார். பிறகு மெதுவாக, "கீழ எனக்கு இன்னும் ஏழெட்டுப் பல்லு கெடக்கு. அதுல ஒண்ணு ரெண்டு வாரமா பச்சத்தண்ணி பட்டா விண்ணுங்குது. சும்மா சொல்லுதேன்" என்றார்.

"எவ்வளவு நேரம்ப்பா வலிக்குது?"

"அஞ்சாறு எண்ணுறதுக்குள்ள போயிருது."

நான் காபி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். "சட்டையை மாட்டுங்கப்பா. டாக்டரு எட்டு மணி வரைக்கும் இருப்பாங்க."

"தீபாவளியும் அதுவுமாவா?" என்றார். ஆனாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கதவு பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போனோம். சொத்தையைச் சுரண்டி அடைத்து, அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஊசி இல்லை, ஃபைல் இல்லை, கேப் இல்லை. எனக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வரும் வழியில் அப்பா கேட்டார், "என் பல்லுக்கு என்ன நம்பராம்லே?"

"நாப்பத்தஞ்சுப்பா."

"சரிதான். அந்த வயசுலதான் மொதப் பல்லைப் பிடுங்கினேன்" என்றார்.